எங்க தொரை சொல்லுவார்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் முதலில் வருவது ஒரு ரோஜாப்பூதான். உங்களுக்கும் வரும். பூவின் மேல் நாலு வரி ஆங்கிலம், அடியில் பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பழக்கமான ஏதாவது ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளரின் பெயர். நேற்று வந்த வாக்கியத்தை அந்த மனிதர் கனவில்கூட எழுதியிருக்க மாட்டார். அனுப்பியவர் எங்கள் அடுக்ககத்தில் மேல் மாடிக்காரி, நல்ல மாதிரி. இருந்தாலும் "இதை அவர் எழுதவில்லை" என்று பதில் போட விரல் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். எந்த வரி யாருடையது என்று துருவிப் பார்க்கும் இந்தப் புத்தி எனக்கு இருபது வயதில் ஒட்டிக்கொண்டது. அதில் முதலில் அகப்பட்டவர் என் அப்பா.

அப்பா கல்கத்தாவில், கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராபர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஆங்கிலேய மேனேஜரிடம் டிக்டேஷன் எடுத்தவர். அறுபதுகளின் கடைசியில் அந்த மேனேஜர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டை விட்டு மட்டும் போகவில்லை. அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கார்பன் தாள் வாசனை அடிக்கும். காபி டம்ளரைக் கையில் வாங்கியதும், "எங்க தொரை சொல்லுவார்" என்று ஆரம்பிப்பார். அம்மா நைசாகச் சமையலறைக்குள் நழுவிவிடுவாள். நான் மாட்டிக்கொள்வேன்.

லேக் கார்டன்ஸில் முதல் மாடியில் குடியிருந்தோம். காலையில் திறந்த வாசல் கதவை இரவு படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும், அவ்வளவுதான். சாரல் அடித்தாலும் சரி, கொசு மொய்த்தாலும் சரி, கதவைச் சாத்தினால் அப்பாவுக்குப் பிடிக்காது. மற்ற விஷயங்களில் அத்தனை சாதுவான மனிதர் இந்த ஒன்றில் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிறுக்கு இருக்கும், எங்கள் வீட்டில் இது என்று இருந்துவிட்டேன்.

அந்தத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒரு மாமா வருவார். வங்கியிலோ இன்னொரு கம்பெனியிலோ இருக்கிற நம் மனிதர்தான். அடுத்த வாரம் அவர் ஆபீஸில் ஏதாவது ஒரு கூட்டம் இருக்கும். அன்றைய கல்கத்தாவில், அதிலும் வங்காளிகள் நிறைந்த சபையில், ஒரு மேற்கோளாவது இல்லாமல் இங்கிலீஷில் பேசி உட்கார முடியாது. பேச்சு சப்பென்று போய்விடும். அப்பா துணிக்கடைக்காரர் தோரணையில் விசாரிப்பார்.

"ரிட்டயர்மென்ட்டா, வரவேற்பா, இரங்கலா?"

"இரங்கல் ஸார். எங்க அக்கவுண்டன்ட் போயிட்டார்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியைச் சொல்வார். எதையும் பார்த்துப் படிக்க மாட்டார், எல்லாம் மனப்பாடம். மாமா எழுதிக்கொண்டு, "பிரமாதம் ஸார், யார் சொன்னது?" என்பார்.

"எங்க தொரை."

நான் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்துப் படித்தேன். ஒரு நாள் வகுப்பில் நாடகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பேராசிரியை வாசித்துக்கொண்டே போனார், திடீரென்று அப்பாவின் இரங்கல் வரி வந்தது. எழுத்துக்கு எழுத்து அதேதான். எழுதியவர் செத்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது. அதைவிட, அந்த வரியைச் சொல்கிறவன் அந்த நாடகத்தில் கொலை செய்தவன். தன் மேல் சந்தேகம் வரக்கூடாது என்று துக்கப்படுவதுபோல் நடிக்கிறான். நம் அக்கவுண்டன்ட்டை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. அலிப்பூர் நூலகத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். கல்யாண வாழ்த்துக்கு அப்பா கொடுக்கும் வரி ஒரு நாவலில் ஊர்வம்பு பேசும் கிழவி சொல்வது. கடமையைப் பற்றிய வரி ஒரு பாதிரியாரின் பிரசங்கம். ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்த அன்று புதையல் கிடைத்த குஷியில் வீடு திரும்புவேன். வீட்டில் அப்பா, "எங்க தொரை" என்று ஆரம்பிப்பார். என் குஷி போய்விடும்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் அம்மா சொன்னாள். "அவர் யார் குடியைக் கெடுத்தார், விடேன்" என்றாள். ஆனால் எழுபதுகளின் நடுவில் அப்பா ஓய்வு பெறும் நாள் வந்தது. பிரிவுபசாரக் கூட்டத்தில் பேச அவர் தயார் செய்திருந்தது முழுக்க முழுக்கத் தொரையின் பொன்மொழிகள். எதிரே உட்காரப் போகிறவர் புதிய மேனேஜர் முகர்ஜி. இரண்டாவது சொல்லிலேயே எந்த நாடகம், எந்த அங்கம் என்று கண்டுபிடித்துவிடக் கூடியவர். ஆபீஸ் முழுக்க அப்படிப்பட்ட ஆட்கள். முப்பது வருஷம் தலைநிமிர்ந்து வேலை பார்த்த இடத்தில், கடைசி நாளில், அப்பாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. முதல் நாள் மாலை உட்காரவைத்துச் சொன்னேன்.

அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "அவர் இன்வர்ட்டட் காமான்னு ஒரு நாளும் சொல்லலையே. சொல்லியிருந்தா போட்டிருப்பேனே" என்றார்.

ஸ்டெனோவின் உலகம் அது. சொன்னதை எழுத வேண்டும், சொல்லாததைச் சேர்க்கக் கூடாது.

"எல்லாமேவா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கலைப்பா. இரங்கலுக்கு இன்னொண்ணு குடுப்பியே, அந்தக் கதவு வரி."

"அது கிடைக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது.

மறுநாள் கூட்டத்துக்கு வீட்டு மனிதர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கம்போல் மின்சாரம் போய்விட்டது. மேஜை மேல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அப்பா எழுந்து, ஒவ்வொரு வரியையும் எழுதியவர் பெயரோடு, எந்த நூல் என்பதோடு சொன்னார். "இத்தனை வருஷம் இவையெல்லாம் என் மேனேஜர் சொன்னவை என்று நினைத்திருந்தேன். நான் டிக்டேஷன் எடுத்தவன்தானே. நேற்றுத்தான் என் பெண் திருத்தினாள்" என்றார் ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்த சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. எனக்கு மூச்சு வந்தது.

"ஆனால் இந்த ஒன்று அவருடையதேதான்" என்று அப்பா கடைசி வரியைச் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. முகர்ஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லுங்கள், ஐயர்பாபு" என்று கேட்டு அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. என்ன சொன்னார் என்று என் தோளைத் தொட்டாள். துக்கப்படு, கதவை மட்டும் சாத்திக்கொள்ளாதே என்று அர்த்தம் சொன்னேன். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் முடிகிறவரை விடவில்லை.

அன்று மட்டும் டாக்ஸி. கழுத்து மாலையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பாதி தூரம் வந்ததும் அம்மா கேட்டாள்.

"டாக்குரியா வீட்டுல நீங்க என்கிட்ட சொன்னதுன்னா அது? அதை ஏன் தொரை தலையில போட்டேள்?"

அம்மாதான் எனக்குச் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, டாக்குரியா வாடகை வீட்டில் ஜுரத்தில் போயிருக்கிறான். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் கிடந்தாளாம். வீட்டுக்கார வங்காளி அண்ணி, அந்த பௌதி, சாதத் தட்டோடு வந்து நின்று நின்று திரும்பிப் போவாளாம். அப்பா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "அழு. நான் வேண்டாம்னு சொல்லலை. கதவை மட்டும் சாத்திக்காதே" என்றாராம்.

"இத்தனை வருஷமா ஏம்பா தொரைன்னே சொன்னே?" என்று கேட்டேன்.

"வரவா தொரை சொன்னதைக் கேக்கத்தானே வந்தா." கொஞ்ச தூரம் போனதும், "இன்னிக்கு நானே சொன்னதுன்னு சொல்லலாம்னுதான் எழுந்தேன். ஆனா நீ எல்லாத்தையும் எடுத்துண்டுட்டே. பாவம், அந்த மனுஷனுக்கு ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றார்.

இருவரும் போய் வெகு நாளாயிற்று. அந்த ஆபீஸ் இல்லை, சுருக்கெழுத்து இல்லை, மேற்கோள் கேட்டு வருகிற மாமாக்களும் இல்லை. லேக் கார்டன்ஸ் வீட்டை இடித்து எட்டு மாடி எழுப்பிவிட்டார்கள். அதில் ஒரு ஃப்ளாட்டில்தான் இப்போது நான் இருக்கிறேன். ஒவ்வொரு கதவிலும் பூதக்கண்ணாடி வைத்த ஓட்டை, அதற்கு முன்னால் இரும்புக் கிராதி. நேற்று ரோஜாப்பூவை அழித்துவிட்டு அப்பாவின் வரியைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். உலகத்து வரிகள் எல்லாம் வந்தன, அது வரவில்லை.

எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். லிஃப்டிலிருந்து வெளியே வந்த எதிர்வீட்டுப் பையன் திறந்த கதவைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றான்.

"எனி ப்ராப்ளம், மாஷிமா?" என்று கேட்டான்.

ஒன்றுமில்லை என்றேன். அவன் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.