தகரத்தைத் தொட்ட கம்பி

டிரான்சிஸ்டர் கருகும் வாசத்தை உங்களில் அதிகம் பேர் முகர்ந்திருக்க மாட்டீர்கள். அடுப்பில் விழுந்த நகத்துண்டும் தீய்ந்த கடுகும் சேர்ந்தாற்போல ஒரு வாசம், மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில், ரேடியோவுக்குள் இருக்கிற அந்த மூன்று கால் சாமானில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பெண்கள் என்னையும் என் அண்ணியையும் விட்டால் அந்தப் பக்கம் யாருமில்லை. இதை இன்றைக்கும் நிமிர்ந்துதான் சொல்வேன்.

அண்ணன் சேலத்தில் பாலிடெக்னிக் படித்தவன். சர்க்கார் லைசென்சு வாங்கி, தபாலில் வந்த சாமான்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, கேட்கவும் பேசவும் ஆகிற ஒரு ரேடியோவைத் தானே கட்டினான். வீட்டில் அதற்குப் பெயர் "பொட்டி". பழைய லாரி பேட்டரியில் ஓடும். காலையில் காதுமாட்டியைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்தால் பெங்களூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் முகம் தெரியாத ஆட்கள் பதில் சொல்வார்கள். அதற்கான செம்புக் கம்பியை, கிணற்றடித் தென்னையிலிருந்து மாட்டுக்கொட்டாயின் தகரக் கூரைக்கு மேலாக வேப்பமரம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தான். பொட்டிக்குள் இருந்த வளையங்களில் மயிரிழைக் கம்பியைச் சுற்றியது மட்டும் சேந்தமங்கலத்திலிருந்து புதிதாக வந்த அண்ணி. "மிசின் சுத்துன மாதிரி சுத்தறா பாரு" என்று அண்ணனே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

பிறகு டிரான்சிஸ்டர்கள் சாக ஆரம்பித்தன. பொட்டிக்குள் கடைசியாக இருந்து, சத்தத்தைப் பெரிதாக்கிக் கம்பிக்கு அனுப்புகிற டிரான்சிஸ்டர் மட்டும்தான் சாகும். நல்லதாக இருந்தால், மீட்டரின் இரண்டு முனைகளை ஒரு விதமாக வைத்தால் முள் சாயும், மாற்றி வைத்தால் சாயாமல் நிற்கும். செத்ததில் எப்படி வைத்தாலும் சாயும். அண்ணன் பேட்டரியை மாற்றினான், சூடு தாங்கட்டும் என்று அலுமினியத் தகட்டை வெட்டி முட்டுக்கொடுத்தான், சேலத்துக் கடைக்காரன் போலிச் சரக்கு கொடுத்துவிட்டான் என்று சண்டைக்குப் போனான். புதுசு போட்டால் நன்றாகப் பேசும். சில வாரம் கழித்து ஒரு காலையில் மறுபடியும் அந்த வாசம் வரும்.

கண்டுபிடித்துச் சொன்னது அப்பா. சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: "உன்ர பொண்டாட்டி சாளைக்குப் போற நாளாப் பாத்துத்தான் பொட்டி சாகுது. கவனிச்சியா?"

மாட்டுக்கொட்டாயை ஒட்டி ஓர் ஓலைக் குடிசை இருந்தது. வீட்டுப் பெண்கள் தூரமான நாட்களில் அங்கேதான் ஒதுங்க வேண்டும். அதுதான் "சாளை". அம்மாவுக்கு அந்த நாட்கள் நின்றுபோயிருந்தன, நான் இன்னும் பெரியவளாகவில்லை, அதனால் அப்போது அங்கே போகிறவள் அண்ணி ஒருத்திதான். அண்ணன் முதலில் சிரித்தான். அடுத்த மாதம் அண்ணி சாளைக்குள் போன மறுநாளே பொட்டி செத்தபோது சிரிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் அவனே நாளைக் குறித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் எதிர்பார்த்தபடியே செத்தது. படித்தவன் ஒன்றைச் சோதித்துப் பார்த்து நம்பிவிட்டால் அதை அசைக்க ஆளில்லை. அவள் சுற்றிய வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாசலில் எறிந்தான்.

அண்ணி தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்த அன்று, எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாள்: "ஏனுங்க, நான் சாளையிலிருந்து பாத்தனுங்க. என்ர சேலை கொடியில காயறப்ப மாமா வேட்டிய அதுல போடக்கூடாதுன்னு, அத்தை உங்க கம்பியில போடறாங்க. ஈர வேட்டி கனத்துக்குக் கம்பி தொங்கித் தகரத்துல முட்டுதுங்க. நீங்க பேசற நேரம் பொறி பறக்குதுங்க."

அண்ணன் வெளியே போய்ப் பார்த்தான். கம்பி மேலே நேராக நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கம்பியை யாரும் தொடக்கூடாது என்று அவன் கட்டிய நாளிலேயே சொல்லியிருந்தான். தூரமானவள் சேலை கிடக்கிற கொடியில் தன் வேட்டி காயக்கூடாது என்று அப்பா அதற்கும் முந்தியே சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் நின்ற அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் எதுக்குக் கம்பியில போடறேன்? வேலிமேலயில்ல போட்டேன்."

"மாமனார் வேட்டி மேலயே பழி போடறாளே, இவ வாய்க்கு என்ன போடறது?" என்றார் அப்பா.

அண்ணன் தீர்ப்புச் சொன்னான். ஒரு மாதம் அவள் சேந்தமங்கலத்தில் இருக்கட்டும், பொட்டி செத்தால் குற்றம் அவளுடையதில்லை, தானே போய்க் கூட்டிவருவேன் என்றான். அண்ணி என் கையைப் பிடித்து, "அம்மணி, கம்பிய மட்டும் பாத்துக்க" என்றுவிட்டு பஸ் ஏறினாள். அவள் இல்லாததால் கொடி சும்மா கிடந்தது. அப்பாவின் வேட்டி கொடிக்கே திரும்பியது. பொட்டி ஒருநாளும் சாகாமல் பேசியது. அதோடு அவள் கதை முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் நான் பெரியவளானேன். என்னையும் சாளையில் உட்காரவைத்தார்கள். மறுநாள் காலை என் பாவாடை கொடியில் காய்ந்துகொண்டிருக்க, அம்மா ஈர வேட்டியோடு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எம்பி அதைச் செம்புக் கம்பியில் வீசினாள். கம்பி தாழ்ந்து தகரத்தில் உட்கார்ந்தது. உள்ளே அண்ணன் பேசத் தொடங்கியதும் தகரத்தின் விளிம்பில் நீலமாகப் பொறி பறந்தது. கம்பிவழி வெளியே போக முடியாத சக்தி திரும்பிவந்து டிரான்சிஸ்டரைச் சுட, கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் சாளை வரைக்கும் வந்தது.

ஒதுங்கினவள் குரல் ஆண்களுக்குக் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. நான் கத்தினேன். "அண்ணா, வந்து பாரு! இப்பவே வா, காயறதுக்குள்ள வா!"

வந்தான். பார்த்தான். வேட்டியை எடுத்தான், கம்பி துள்ளி மேலே போனது. மறுபடி போட்டான், தாழ்ந்தது. திரும்பவும் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா வந்து வேட்டியை அவன் கையிலிருந்து வாங்கி உதறி, "கம்பிய மேல தூக்கிக் கட்டு, அவ்வளவுதான?" என்றார். கத்தினதற்காக என் கன்னத்தில் ஓர் அறையும் விழுந்தது.

"அண்ணியக் கூட்டியாரலயா?" என்று கேட்டேன்.

கம்பியைத் தூக்கிக் கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "பொட்டிதான் இனிப் பேசுமே, அவ எதுக்கு?" என்றான். தை பிறந்ததும் அவனுக்கு வேறு பெண் பார்த்தார்கள்.

அண்ணியைப் பிறகு ஒரே ஒரு தடவை சேந்தமங்கலம் சந்தையில் பார்த்தேன். கம்பியில் வேட்டி கிடந்ததையும் அண்ணன் வந்து பார்த்ததையும் சொன்னேன். தராசில் தக்காளி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப அவருக்குத் தெரியும்" என்றாள். ஆமாம் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரே கொடிதான். என் சேலையும் என் வீட்டுக்காரர் வேட்டியும் அதில் தோளோடு தோள் காய்ந்தன, கேட்ட மாமியாருக்கு வேண்டிய பதிலைக் கொடுத்தேன். பிறந்த வீட்டில் அப்பாவும் போய், அம்மாவும் போய், சாளை இடிந்து, பொட்டியும் பழைய இரும்புக்குப் போயாயிற்று. இரண்டாவது வந்தவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மூங்கில் மக்கி விழுந்ததால் செம்புக் கம்பி மட்டும் பழைய உயரத்துக்கே இறங்கி, அங்கேயே இருக்கிறது. போன மாதம் போனபோது அண்ணன் தன் வேட்டியைத் தானே துவைத்து அதில் போட்டுக்கொண்டிருந்தான். ஈரத்துக்குக் கம்பி தாழ்ந்து தகரத்தில் உட்கார்ந்தது. அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். எரிவதற்கு அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை.