வறுத்த மாவும் மாங்காய்க் கிரம்பிளும்

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் இறக்குவேன். இரவு வேலை முடிந்து கண் சொக்கி நிற்பவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அந்தத் தாமான்கள் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. சில மாமரங்கள் மட்டும் எப்படியோ தப்பித்து வீடுகளுக்குப் பின்னால் நிற்கின்றன. பஸ்ஸை விட்டுவிட்டுச் சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையல், துணி துவைப்பது, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது. சாயங்காலம் மறுபடியும் பஸ். பிள்ளைகளே, உங்கள் அப்பாவோ அம்மாவோ சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவதைப் பார்த்திருந்தால், நான் எப்படி இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் மனைவி சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அங்கேயே மற்ற பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். லீவு கிடைத்தால் வருவாள். மற்ற நாளெல்லாம் போனில்தான்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். கடைசி நேரத்தில் லீவு கொடுக்கவில்லை. மகள் ஓடி முடித்ததும் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். என்னைப் பார்த்தாள், பிறகும் தேடினாள்.

அன்றிலிருந்து அவள் அம்மாவோடு பேசவில்லை. போன் அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"பாப்பா எங்கங்க?"

"குளிக்கிறா."

"நேத்தும் குளிச்சா. முந்தாநாளும் குளிச்சா. இன்னேரம் சோப்பு மாதிரி கரைஞ்சிருக்கணுமே."

மனைவி சிரிப்பதுபோல்தான் சொல்வாள். ஒருநாள் சொன்னாள்: "இந்தத் தடவ வாரேன். வந்தும் அவ பேசலன்னா நான் திரும்பிப் போகமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." வேலையை விட்டுவிட்டு வந்தால் வீடு எப்படி ஓடும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனால் அவள் வெறுமனே சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அவள் வரப்போகும் வாரம் நல்ல மாங்காய் சீசன். என் பஸ்ஸில் வரும் பெண்கள் ஆளுக்கொரு பை கொண்டுவந்து என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். "டிரைவர் அண்ணே, வீட்ல குமிஞ்சு கெடக்கு, எடுத்துட்டுப் போங்கலா." பாதி பழம், பாதி காய். பஸ் முழுக்க அந்த வாசம். ஊறுகாய் போடலாம் என்றால் அதற்கும் தெம்பு வேண்டும். என்னிடம் இல்லை.

வீட்டில் மகள் என் போனில் ஒரு வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் பழங்களை வெட்டித் தட்டில் பரப்பி, மாவு, சீனி, பட்டர் மூன்றையும் விரல் நுனியால் உதிர்த்து மேலே தூவி, ஓவனில் வைக்கிறாள். வெளியே எடுக்கும்போது மேலே மொறுமொறுவென்று, கீழே பழம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிரம்பிள் என்று பெயராம்.

"அம்மா வர்றப்ப இத செய்வோமா?" என்றேன்.

"எனக்காகத்தான் செய்வேன்," என்றாள்.

"சரி, உனக்காகவே செய். மாங்காய்ல செய்வோம்."

"அவங்க ஸ்ட்ராபெரி போட்றாங்க."

"ஸ்ட்ராபெரிக்குக் கேமரன் மலை ஏறணும். அப்பாவால இப்ப மாடிப்படியே ஏற முடியாது."

அடுத்த வீட்டு அக்காவிடம் சின்ன ஓவன் ஒன்று இருந்தது. நான் பஸ்ஸில் இருக்கும்போது மகளைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். ஓவனைத் தூக்கிக் கொடுக்கும்போது, "இதுக்குச் சூடு கொஞ்சம் கூட. பக்கத்துலயே நில்லுங்க அண்ணே, உக்காந்தா தூங்கிருவீங்க," என்றார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன். மகள் மாங்காயைத் தோல் சீவினாள். நான் துண்டு போட்டேன். புளிப்பாக இருந்ததால் சீனி தூவிப் பிசறி வைத்தோம். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது. பிறகு நான் மாவை எடுத்துக் குவாலிச் சட்டியில் கொட்டி அடுப்பில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் மாவில் இனிப்புச் செய்வதென்றால் முதலில் அதை வறுக்க வேண்டும். நெய் உருண்டையா, தீபாவளிக்கு ரவை பிஸ்கட்டா, எதுவானாலும் குவாலியில் போட்டு வாசம் வரும்வரை கிண்டுவார்கள். பச்சை மாவு வயிற்றைக் கெடுக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். வீடியோவில் அந்தப் பெண் வறுக்காமல் போட்டதைப் பார்த்தபோது, பாவம், தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, அவங்க வறுக்கலப்பா."

"காட்டியிருக்க மாட்டாங்க. நேரமாகும்ல."

"பட்டர் ஐஸ் மாதிரி இருக்கணும்னு சொல்றாங்க. மாவு சூடா இருந்தா எப்படிப்பா?"

"நீ சின்னப் புள்ள. வயித்த வலிச்சா யாரு தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு ஓடறது?"

மாவு சிவந்து வாசம் எழும்பியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "அண்ணே, தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்குலா. யாருக்கு நெய் உருண்ட?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

சூட்டோடு பட்டரைப் போட்டேன். உதிரவேண்டிய மாவு கூழாகிப் போனது. கூழாகிவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் மாவு வறுத்துப் போட்டேன். அது மணலாகிப் போனது. மணலாகவாவது இருக்கிறதே என்று மாங்காயின் மேல் தூவி ஓவனில் வைத்தேன். ஏற்கெனவே சிவந்த மாவு. ஓவனுக்கும் சூடு கூட. அக்கா சொன்னபடி பக்கத்தில் நின்றேன். நின்றபடியே கண்ணை மூடிவிட்டேன் போலிருக்கிறது. மகள் சட்டையைப் பிடித்து இழுத்தபோது மேல்பாகம் செம்மண் ரோடு மாதிரி ஆகியிருந்தது.

வேறு செய்ய நேரமில்லை. மனைவியின் பஸ் வரும் நேரமாகிவிட்டது. மகள் வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டதால் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போய் அழைத்து வந்தேன். மனைவி நள்ளிரவில் வேலை முடித்துத் தூங்காமல் பஸ் ஏறியிருந்தாள். கன்னம் வற்றிப் போயிருந்தது. காரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எதாச்சும் சொன்னாளா?" நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பின்னல் நுனி மட்டும் தெரிந்தது. மனைவி கூப்பிடவில்லை. பையைக் கீழே வைத்து, அப்படியே தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தட்டில் கிரம்பிளை அள்ளி அவள் முன்னால் வைத்தேன். "பாப்பா செஞ்சது," என்றேன்.

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான். காய்ந்த மாவு நேரே தொண்டைக்குள் போய்விட்டது. இருமினாள், மறுபடி இருமினாள், வாயிலிருந்து புகை மாதிரி மாவு பறந்தது. தண்ணீர் எடுக்க நான் ஓடினேன். கண்ணில் நீர் வழிய அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, மாவ வறுத்தீங்களா?"

"பச்ச மாவு வயித்துக்கு..."

"நான் சொன்னேன்மா!" ஐஸ்பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வெடித்து வந்தது. "வறுக்காதீங்க, வறுக்காதீங்கன்னு சொன்னேன், கேக்கவே இல்ல! அடுத்த வீட்டு ஆண்ட்டிகூட கேட்டாங்க!"

நான் தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றேன். மனைவியும் அசையவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். அவள் கெட்டிக்காரி. வாயைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக, "அப்படியா? வேற என்ன செஞ்சாரு?" என்றாள்.

மகள் வெளியே வந்துவிட்டாள். "சூடா இருக்கறப்பவே பட்டர போட்டாரு. அப்புறம் நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு. சட பின்னத் தெரியல, ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழ. அன்னிக்கி ஒரு காலு வெள்ள காலுறை, ஒரு காலு சாம்பல் காலுறை, ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சாங்க. ரசம்னு சொல்றாரு, அது வெறும் சுடுதண்ணி."

"ஐயோ. இவர வச்சுக்கிட்டு என்ன செய்யறது?" என்றாள் மனைவி.

எல்லாம் உண்மைதான். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

புகார்கள் தீர்ந்தன. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்களும்தான். வாரேன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா," என்றாள் மனைவி. "சொன்னேன். வரல."

லீவு கொடுக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் மூணாவதா வந்தேன்," என்றாள் மகள்.

"மெடல் எங்க?"

"அலமாரில."

"எடுத்துட்டு வா. போட்டுக் காட்டு."

கொஞ்ச நேரத்தில் இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். மேலே இருந்த மணலை வழித்துக் கொட்டினார்கள். கீழே மாங்காய் நன்றாகவே வெந்திருந்தது. மிச்சமிருந்த பட்டரை மனைவி ஐஸில் வைத்துவிட்டு, பச்சை மாவைப் பாத்திரத்தில் கொட்டினாள். கழுத்தில் மெடலோடு மகள் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அம்மா விரல் நுனியால் உதிர்த்தாள். வயிறு வலிக்குமே என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஓவன் பக்கத்தில் நிற்கும் வேலையை எனக்குக் கொடுக்கவும் இல்லை. சுவரோரம் படுத்தவன் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கென்று தட்டில் ஒரு மூலையை விட்டுவைத்திருந்தார்கள். நின்றபடியே சாப்பிட்டேன். மேலே கடிக்கும்போது சத்தம் கேட்டது. உள்ளே புளிப்பும் இனிப்புமாக, இன்னும் சூடு. அவர்கள் இருவரும் பாயில் ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். மனைவியின் நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

மறுநாள் மாலை அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனோம். அவள் திரும்பிப் போகத்தான் வேண்டியிருந்தது. மகள் பேசிவிட்டதால் போக முடிந்ததே என்று நான் நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பும் நேரத்தில் மகள் கேட்டாள். "அடுத்து எப்பம்மா வருவீங்க?"

மனைவி ஒரு தேதி சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டே, "தெரியலம்மா. லீவு கையில கெடச்சப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி சொல்லமாட்டேன்," என்றாள்.

மகள் அழுவாள் என்று பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி," என்றாள்.

திரும்பி வரும்போது ரோட்டில் நெரிசல். விடிவதற்கு முன் எழுந்து பஸ் எடுக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே தோள் வலித்தது. பக்கத்து இருக்கையில் மகள் என் போனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். "அம்மா, பஸ்ல சீட்டு நல்லாருக்கா? அப்பா ரொம்ப மெதுவா ஓட்றாரும்மா. மாட்டு வண்டிகூட முந்திட்டுப் போயிரும்."

நான் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன்.