உதைக்காத துப்பாக்கியும் போடித் தங்கராசும்

துப்பாக்கி விற்கிறவனைக் கண்டால் ஊரே பயப்படும் என்று நினைப்பீர்கள்; நான் பயப்படுவது அடுத்த ஊரில் துப்பாக்கி விற்கிறவனைக் கண்டுதான்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. ஜவுளிக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கும் புண்ணியவான்களே, உங்களுக்கு ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள். எனக்குக் கடைக்குள் கால் வைக்கிறவர்களில் பாதிப் பேர் கலெக்டர் ஆபீஸுக்கு வழி கேட்க வருகிறவர்கள். லைசென்ஸ் கையில் கிடைத்து நிஜமாகவே வாங்க வருகிறவர், பாலைவனத்தில் வந்த மழை மாதிரி. அந்த மழையையும் போடியில் ஒருத்தன் குடம் வைத்துப் பிடித்துக்கொண்டால் வயிறு எரியுமா, எரியாதா?

அந்த ஒருத்தன் தங்கராசு. நடைபாதையில் பழைய பம்புசெட் சாமான் பேரம் பேசி விற்றுக்கொண்டிருந்த நானும் அவனும் மதுரையில் ஒரே முதலாளியிடம் துப்பாக்கிக் குழல் துடைத்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றோம். நான் பேசி விற்பேன், கொஞ்சம் சத்தமாக. அவன் பேசாமலே விற்பான். அதுதான் தாங்கவில்லை.

கண்ணை மூடியவர்

மயிலாடும்பாறையிலிருந்து ஒரு கடலைக்காட்டுக்காரர் வந்தார். காட்டுப்பன்றியை வெடிச்சத்தம் போட்டு விரட்டத் துப்பாக்கி. வாங்க வருகிறவரிடம் காலித் துப்பாக்கியைக் கொடுத்து, சுவரில் இருக்கிற காலண்டரைக் குறிபார்த்து விசையை இழுக்கச் சொல்வது என் வழக்கம். உள்ளே தோட்டா இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் முன்பு எப்போதோ சுட்டபோது பின்னால் இடித்த துப்பாக்கிக் கட்டையிடம் உதை வாங்கிய தோள் சும்மா இருக்காது. விசை நகரும் முன்னாலேயே துள்ளும், கண் மூடிக்கொள்ளும். இவருக்கு இரண்டு கண்ணுமே மூடிக்கொண்டன. “ஆகாசத்தைப் பாத்துச் சுடுறதுக்கே இப்படிப் பயந்தா எப்படி?” என்று சிரித்துவிட்டேன். என் சிரிப்பும் கொஞ்சம் சத்தம்தான்.

கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் போடி பஸ்ஸிலிருந்து நீளப் பையோடு இறங்கினார். ஓடிப்போய் மறித்து, “எங்கிட்ட இல்லாதது அங்கன என்ன இருக்கு?” என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “அங்கனயும் கண்ணை மூடத்தான் செஞ்சேன். அவுக அதைப் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாக.”

மகளுக்கு ஒரு ரைபிள்

ராயப்பன்பட்டி சவரிமுத்து அண்ணனுக்குக் கீழே திராட்சைத் தோட்டம், மலை மேலே ஏலக்காய். அவர் ஒரு மருந்து வாங்கினால் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் எல்லாம் அதே மருந்து வாங்குவார்கள். அவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டை விரிசல் விட்டுவிட்டது என்று கேள்விப்பட்ட நாள் முதலாக நான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வந்தார், தனக்காக இல்லை. மகள் ரோசி டெக்சாஸில் நர்ஸ். மருமகன் சீசனுக்கு மான் வேட்டைக்குப் போகிறவர், அவளுக்கும் கூடப் போக ஆசை. அங்கே வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊரறியப் போகலாம். இங்கே மான் என்று வாயெடுத்தாலே வனத்துறை ஜீப் வந்து நிற்கும். புருஷனுடைய ரைபிளை ரோசி ஒரு தரம் சுட்டுப் பார்த்து, தோள் கன்றிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாளாம். தூரத்து மானுக்கு எட்ட வேண்டும், தோளையும் உதைக்கக் கூடாது, அப்படி எது என்று கேட்டார். அங்கே துப்பாக்கிக் கடை சினிமாக் கொட்டகை அளவுக்கு இருக்குமாம், தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வாங்குவார்களாம். பார்க்காத அந்தக் கடைக்காரன் மேலும் எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது.

புறப்படும்போது அண்ணன் குண்டைப் போட்டார்: “உங்ககிட்டயும் கேப்பேன், போடியிலயும் கேப்பேன். பிள்ளைக்கு எவுக சொன்னது சரியா வருதோ, அவுக கடையிலதான் எனக்குத் துப்பாக்கி.”

டெக்சாஸ்காரனுக்கு ஒரு பாடம்

மறுநாள் வீடியோவில் ரோசி வந்தாள். அங்கத்துக் கடைக்காரன் காட்டிய ரைபிளின் படத்தைக் காட்டினாள். மலையேறுகிறவர்களுக்கான எடை குறைந்த பூஞ்சை ரைபிள். அதற்குள் போடுவதோ பெரிய தோட்டா. பெண்பிள்ளைக்கு லேசான துப்பாக்கிதான் தோது என்றானாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. லேசான துப்பாக்கியில் பெரிய தோட்டா போட்டால் அதன் உதையெல்லாம் தோளுக்குத்தான் வரும். கனமான துப்பாக்கி பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒளிந்து உட்கார்ந்து சுடப் போகிறவளுக்குக் கனம் ஒரு பாரமா? தோட்டாவை இருநூற்று நாற்பத்து மூன்று, இல்லாவிட்டால் ஆறரை எம்.எம். என்கிற ரகத்தில் சின்னதாக எடு, தூரத்து மானுக்கு அது தாராளம். பின்கட்டையில் தடித்த ரப்பர் போடு. குழல் முனையில் வெடிப்புகையைப் பக்கவாட்டில் தள்ளுகிற பிரேக் மாட்டினால் உதை இன்னும் குறையும், ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் காது போய்விடும். எவ்வளவு தூரம் பழகியிருக்கிறாயோ அதற்கு மேல் சுடாதே. இதையெல்லாம் நான் விளக்கிய சத்தத்தில் பக்கத்து ரீசார்ஜ் கடைப் பையன் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தான்.

ரோசி போனை ஒரு கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அங்கிள், சத்தத்தைக் குறைங்க, நீங்க பேசுறதே இங்க வரைக்கும் உதைக்குது.”

முழங்கையிலிருந்து விரல் வரை

அந்த வாரமே அண்ணன் போடிக்குப் போய்வந்தார். முகமெல்லாம் பல். தங்கராசு, முருகேசு, அதாவது நான், சொன்ன தோட்டாவே சரி என்று சொல்லிவிட்டு, வீடியோவில் ரோசியிடம் ஒன்றே ஒன்று கேட்டானாம்: “முழங்கையை மடக்கி, மடிப்புல இருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் அளந்து சொல்லு தாயி.” அங்கே விற்கும் ரைபிளெல்லாம் நெடிய ஆம்பளைக் கைக்குச் செய்தது, குட்டைக் கைக்காரி பிடித்தால் கட்டை தோள்குழியில் உட்காராமல் எலும்பில் இடிக்கும், கட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டால் பாதி உதை போய்விடும் என்றானாம்.

எனக்குத் தெரியாததா? ஒரே முதலாளி, ஒரே பாடம். அன்றைக்குக் கத்துகிற மும்முரத்தில் அளவு கேட்க விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். மனசு கேட்கவில்லை. ஏலக்காய் வாங்குகிற சாக்கில் போடிக்குப் பஸ் ஏறி, அவன் கடைக்கு எதிர்த்தாற்போல் நின்றேன். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர்! அதில் ஒருத்தராவது வழி கேட்க வந்தவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது தங்கராசு வாசலுக்கு வந்தான். “ஏலே முருகேசு, வெயில்ல நின்னு எதுக்கு வேவு பாக்குற? உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காந்து பாரு.”

எலெக்‌ஷன் வந்தபோது

மழை முடிந்து பனி இறங்கிய பருவத்தில் ரோசியிடமிருந்து படம் வந்தது. கனமான ரைபிள், சின்னத் தோட்டா, தடித்த ரப்பர்: நான் சொன்னது. குறைத்த கட்டை: அவன் சொன்னது. ஒரே வெடியில் மான் விழுந்ததாம், தோள் சிவக்கக்கூட இல்லையாம். இதில் யார் சொன்னது சரி என்று வைத்துக்கொள்வது? அண்ணன் வருவார் என்று வாசலையே பார்த்திருந்தேன். வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. போடியில் வாங்கிவிட்டார், வேறென்ன?

பிறகு எலெக்‌ஷன் அறிவித்தார்கள். அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் படியேற மனசில்லாதவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். யார் யார் தங்கராசிடம் வாங்கியவர்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். வந்த ஒவ்வொன்றையும் திருப்பி, கட்டையில் அவன் கடை ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தேன். மயிலாடும்பாறைக்காரருடையதைத் தோளில் வைத்துப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. அதைக் கடைசி வரிசையில் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

ரசீது எழுதிக்கொண்டிருந்த என் மனைவி தனம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “என்னமோ புருசன் சட்டையில வேற பொம்பளை பூ வாசம் அடிக்குதான்னு பாக்குற மாதிரியில்ல மோந்து மோந்து பாக்குறீக.”

ராயப்பன்பட்டியிலிருந்து வந்த நீளப் பை

கெடு முடிகிற சமயத்தில் சவரிமுத்து அண்ணன் நீளப் பையோடு உள்ளே வந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. பையைப் பிரித்தேன். புதுத் துப்பாக்கி. கட்டையைத் திருப்பினேன். போடி ஸ்டிக்கர் இல்லை. மதுரைக் கடை ஒன்றின் ஸ்டிக்கர். கையில் தூக்கினால் விளக்குமாறு மாதிரி லேசு. பின்னால் ரப்பர் இல்லை. அவருடைய குட்டைக் கைக்குக் கட்டை எட்டாத நீளம்.

“அண்ணே, இது என்ன?”

“உங்ககிட்ட வாங்கினா தங்கராசு மொகம் வாடிப்போகும். அவருகிட்ட வாங்கினா நீங்க பஸ் ஸ்டாண்டுக்கே கேக்குற மாதிரி கத்துவீக. எதுக்கு வம்புன்னுதான்...”

“மகளுக்கு அத்தனை பாத்தீகளே. மதுரைக்காரன் கையை அளந்தானா? கனம் பத்திச் சொன்னானா? என்னதான் கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கல. காப்பி வாங்கிக் குடுத்தாரு.” சொல்லிவிட்டுச் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. “இதுக்கு எதுவும் செய்ய முடியுமா தம்பி?”

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நானாகத் தங்கராசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நிதானமே உருவான அந்த ஆள் பல்லைக் கடிப்பதை முதல் தடவையாகக் கேட்டேன். “எலெக்‌ஷன் முடியட்டும், நான் அங்கன வாறேன். கட்டையை நான் குறைக்கிறேன், ரப்பரை நீ போடு. ஆனா அதுக்கு முந்தி அந்த மதுரைக்காரன் ஸ்டிக்கரைச் சுரண்டி எறி.”

இந்தத் தொழிலில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே சாமான் பொறாமைதான், அதுவும் உதைப்பது வைத்திருக்கிறவன் தோளைத்தான்.