இடது பின்சக்கரம்

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கார் சாவியைக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கொடுத்தபோது மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டின் மாடியில் நாங்கள், கீழே அவர்கள். இரண்டு குடும்பமும் வாடகைக்குத்தான். அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மனைவி, ஏழு மாதப் பெண் குழந்தை. அன்று அவர் செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறி வந்தார். மதுராந்தகத்தில் மாமனாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே கிளம்பி வரச் சொல்கிறார்கள் என்றார்.

"மூணு தடவ டாக்ஸி புக் பண்ணேன் சார். மூணும் கேன்சல் ஆயிடுச்சு. கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு..."

"இதுல என்ன தம்பி இருக்கு? எடுத்துட்டுப் போங்க."

அவர் நன்றாக ஓட்டுவார். சொந்தமாகக் கார் இல்லை, அவ்வளவுதான். சாவியைக் கையில் வைத்து, தோளைத் தட்டிக் கொடுத்தேன். கீழே இறங்கிக்கூடப் போகவில்லை. பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கார் வழக்கம்போல இடது பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றிருந்தது. அதனால் மூன்று பேரும் வலது பக்கமாகவே ஏறினார்கள். அந்தப் பெண் அழுதிருந்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்து பேப்பரை எடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்து, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு என் மனைவி வந்தாள்.

"கீழ காரைக் காணோமே?"

விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றாள். காலி பக்கெட்டைக் கீழே வைத்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"என்னங்க, அந்த டயரை மாத்திட்டீங்கல்ல?"

மாற்றவில்லை. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பதினாறு நாள் முன்னால், சேலையூர் கேம்ப் ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தகடு என் காரின் இடது பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்காரர் வந்து ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். எங்கள் காரின் ஸ்டெப்னி மற்ற நான்கைப் போல இருக்காது. ஒல்லியாக, பார்க்கவே நோஞ்சானாக இருக்கும். புது டயர் போடும் வரை சமாளிப்பதற்காகக் காரோடு கொடுப்பது.

"இத்த மாட்டிகினு ஊர் சுத்தாதீங்க சார்," என்று அவர் அப்போதே சொன்னார். "எண்பதுக்கு மேல போவவே கூடாது. காத்து வேற ரொம்ப கம்மியா கீது. கடையாண்ட வந்தீங்கன்னா புடிச்சி வுட்டுர்றேன். கிழிஞ்ச டயர் வேலைக்காவாது, சைடுல கிழிஞ்சா ஒட்ட முடியாது. சட்டுனு புச்சு போட்டுடுங்க."

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. "அப்புறம் வரேன்" என்று கிளம்பிவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. என் அளவு டயர் கடையில் இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். நானும் திரும்பக் கேட்கவில்லை. மார்க்கெட்டுக்கும் பிள்ளையின் ட்யூஷனுக்கும் போய் வர அந்த ஒல்லிச் சக்கரம் போதுமாக இருந்தது. நான்கைந்து நாளில் அது இருப்பதே மறந்துபோனது. கிழிந்த டயரைத் தூக்கி டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் போட்டு மேலே பாயை விரித்திருந்தேன்.

அப்படியென்றால் இப்போது ஒரு குடும்பம் காற்றில்லாத தற்காலிகச் சக்கரத்தில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களிடம் வேறு சக்கரமும் கிடையாது. இரண்டும் அவர்களுக்குத் தெரியாது.

அவருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். பைக்கில் போகும்போதும் அவர் போனைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த நல்ல பழக்கத்தை நினைத்து அப்போது பல்லைக் கடித்தேன். மனைவி அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தாள். கீழே, பூட்டிய வீட்டின் ஜன்னலுக்குள்ளிருந்து மணி ஒலித்தது. அவசரத்தில் போனை வைத்துவிட்டுப் போயிருந்தாள். என் மனைவி காதிலிருந்து போனை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். கீழே அது அடித்துக்கொண்டே இருந்தது.

"வண்டிய எடுங்க," என்றாள்.

ஸ்கூட்டரில் கிளம்பினேன். போகும்போதே கணக்குப் போட்டேன். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் யாராலும் எண்பதில் போக முடியாது. பெருங்களத்தூரில் நிற்கும், வண்டலூரில் நிற்கும். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டினால்தான் ரோடு விரிந்து கொடுக்கும். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அங்கே எவன் மெதுவாகப் போவான்? அதற்குள் பிடித்தாக வேண்டும். அவர்கள் கிளம்பி நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

தாம்பரம் மேம்பாலத்தில் பஸ்களுக்கு நடுவில் புகுந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினேன். பெருங்களத்தூரில் வண்டிகள் அசையாமல் நின்றன. எத்தனையோ வருஷமாக நான் திட்டிய நெரிசல் அது. அன்று, இது வண்டலூர் வரைக்கும் இப்படியே இருக்கட்டும், அவர்கள் முன்னால் எங்கேயாவது மாட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நின்ற கார்களின் இடது பின்சக்கரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி இடுக்குகளில் ஸ்கூட்டரை நுழைத்தேன். வண்டலூரில் உயிரியல் பூங்காவுக்கு வந்த வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. ஓரமாக நிறுத்தி மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. "டயர் சரியில்லை. உடனே நிறுத்துங்கள்" என்று மெசேஜ் அனுப்பினேன். அவர் அதைப் படிக்கவில்லை.

ஊரப்பாக்கம் தாண்டியதும் முன்னால் ஒரு வெள்ளைக் கார். என் காரேதான் என்று நினைத்தேன். ஹார்ன் அடித்துக்கொண்டே பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே யாரோ ஒரு வயதான தம்பதி மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். அந்தத் தடுமாற்றத்தில் முன்னால் பஸ் நின்றதைக் கவனிக்கவில்லை. பிரேக்கை அழுத்தியதில் ஸ்கூட்டர் பின்பக்கம் வழுக்கி, பஸ்ஸின் பம்பருக்கு ஒரு சாண் இடைவெளியில் காலை ஊன்றி நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று கத்தினார். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.

கூடுவாஞ்சேரியில் என் போன் அடித்தது. அவர்தான்.

ஓரம் கட்டி எடுத்தேன். லாரிகளின் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளே குழந்தை வீறிட்டு அழும் சத்தம்.

"சார்... டயர் வெடிச்சிடுச்சு சார்."

"எல்லாரும் எப்படி இருக்கீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"ஒண்ணும் ஆகல சார். பாப்பா பயந்துடுச்சு. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஓரமா நிக்கிறோம்."

"காரை விட்டு இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க. வண்டிக்குப் பக்கத்துல நிக்காதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

நான் ஏற்கெனவே பாதி வழியில் வருவது ஏன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் மெசேஜையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது. கார் ரோட்டின் இடது ஓரம் சாய்ந்து நின்றிருந்தது. பின்னால் வெகுதூரம் தாரில் ஒரு வெள்ளைக் கோடு, இரும்பு உரசிய கோடு. சக்கரத்தில் டயர் என்று சொல்ல எதுவும் இல்லை. கிழிந்த ரப்பர் பட்டையாகத் தொங்கியது. அந்தப் பெண் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வேலிக்கருவை நிழலில் குழந்தைக்குத் துப்பட்டாவால் வெயிலை மறைத்தபடி நின்றாள். அவர் டிக்கியைத் திறந்து வைத்திருந்தார். பாய் வெளியே கிடந்தது. கிழிந்த பெரிய டயரைப் பாதி தூக்கி வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"சாரி சார். தொண்ணூறுல போய்ட்டிருந்தேன். வண்டி பின்னாடி லேசா ஆடுற மாதிரி இருந்துச்சு. ரோடுதான் சரியில்லனு நினைச்சேன். பட்டுனு சத்தம். பிரேக்கை மிதிக்கல சார், ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுட்டு வேகத்தைத் தானா குறைய விட்டேன். ஒரு லாரி இப்படி ஒட்டிப் போச்சு..." கையால் காட்டினார். கை அந்தரத்தில் நின்றது. "ஏதோ கல்லுல ஏத்திட்டேன் போல. என் தப்புதான் சார். எவ்வளவு ஆனாலும் நான் சரி பண்ணிக் குடுத்துடறேன். ஸ்டெப்னியும் கிழிஞ்சிருக்கு, அதான் என்ன பண்றதுன்னு தெரியல."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கல்லில் ஏறியது என்று அவரே சொல்கிறார். நான் "பரவாயில்லை தம்பி, விடுங்க" என்று சொன்னால் போதும், பெருந்தன்மையான ஆள் என்ற பெயரும் சேர்ந்து கிடைக்கும்.

"கல்லு இல்ல தம்பி," என்றேன். "நீங்க ஓட்டிட்டு வந்ததுதான் ஸ்டெப்னி. பதினாறு நாளா அதைத்தான் மாட்டி வெச்சிருக்கேன். எண்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். காத்தும் இல்ல. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் மனைவியும் குழந்தையும் நின்ற பக்கம் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மறந்துட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். குரல் உயரவே இல்லை.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவப் பாக்கணும். முதல்ல அதுக்கு வழி பண்ணுங்க," என்றாள். என்னிடம் சொன்னாளா, கணவரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. நான்தான் ரோட்டோரம் போய் நின்று வருகிற வாடகைக் கார்களுக்கெல்லாம் கையைக் காட்டினேன். பல கார்கள் நிற்கவில்லை. கடைசியில் திண்டிவனம் பக்கம் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னதும், "ஏறுங்க, ஏறுங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விட்டுர்றேன்" என்றார். பைகளை நான் எடுத்து வைத்தேன். அந்தப் பெண் ஏறும்போது குழந்தையின் தலையில் இடித்துவிடாமல் இருக்கக் கதவின் மேல் கை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு முக்கோணப் பலகையை எடுத்துக் காருக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத் தடுப்பைத் தாண்டி அதே கருவை நிழலில் நின்றேன். ஒவ்வொரு லாரி போகும்போதும் கார் குலுங்கியது. நசுங்காமல் மிச்சமிருந்த சக்கர விளிம்பில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது. எண்பது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பதினாறு நாளில் ஒரு தடவைகூடக் குனிந்து அதை நான் படித்ததில்லை.

மறைமலை நகரிலிருந்து ஒரு மெக்கானிக் பழைய டயர் ஒன்றை ரிம்மோடு கொண்டு வந்தார். தொங்கிய ரப்பரைத் தடவிப் பார்த்தார். "சைடு சுத்தி வெந்து போயிருக்கு பாருங்க. காத்து கம்மியா ஓடுனா இப்டித்தான் ஆவும். இந்த மாதிரி சின்ன டயருக்கு அறுபது காத்து இருக்கணும் சார். பெரிய டயரு மாதிரி முப்பது வெச்சா தாங்காது. காரு வாங்குனதுலேர்ந்து டிக்கிய தொறந்து பாத்ததே இல்லியா?"

இல்லை என்றேன்.

அன்று மாலை என் மனைவிக்குத்தான் முதலில் போன் வந்தது. மாமனாருக்கு அடைப்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் வேறு எதுவும் பேசவில்லையாம். புதன்கிழமை திரும்பி வந்தார்கள். படியில் பார்த்தால் அவர் தலையசைப்பார். அந்தப் பெண் என் மனைவியிடம் மட்டும் பேசுவாள். நான் வந்தால் பேச்சு சட்டென்று முடிந்துவிடும். நான் ஐந்து டயரையும் மாற்றினேன். மாதம் ஒரு தடவை காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன்பே, ஸ்டெப்னியையும் சேர்த்துக் காற்று பார்க்கிறேன். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து அதை யாராவது பார்க்கிறார்களா என்று ஆரம்பத்தில் கவனித்ததுண்டு. அப்புறம் விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன மண்டபம். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது மெலிந்த உருவம் ஒன்று எதிரே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. மாமனார்.

"நீங்கதானே மாடி வீட்டு சார்? அன்னிக்கு நேரத்துக்குக் கார் குடுத்தீங்கன்னு பொண்ணு சொன்னா. கேட்ட உடனே யாரு குடுப்பாங்க இந்தக் காலத்துல? நல்லா இருக்கணும் நீங்க."

அவர் என் கையை விடவில்லை. தோளுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ஐயா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். லேசாக, ஒரே ஒரு தடவை.

"பாயசம் சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, கையைக் கழுவப் போனேன்.