இடக்கையால் கொடுத்த கொடைமகள்

செவ்வாய்க்கிழமை காலை எமில்டா ரீச்சரின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், அம்மா விடியப்புறம் போயிட்டா." பிறகு, "வகுப்புக்கு எடுத்த ஹோலை என்ன செய்யிறது? சனிக்கிழமை வகுப்பை நிப்பாட்டட்டோ?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதற்கும் நான் முதலில் சொல்லும் பதில் அதுதான்.

மன்னாரில் பிறந்த ரீச்சர், இங்கே புலம்பெயர்ந்து வந்து ஸ்ட்ரெதம் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெய்னர்ஸ் லேனில் மாதா கோயில் மண்டபத்தில், பென்சன் எடுத்த எங்களுக்கு, பதினேழாம் நூற்றாண்டு மேலைநாட்டுப் பரோக் காலத்துச் செப்புத்தகட்டு அச்சுப்படங்களைப் பார்க்கக் கற்றுத்தந்தார். நீதி, உண்மை, காலம் எல்லாம் அப்படங்களில் மனித உருவில் நிற்கும். "முகத்தைப் பாக்காதேங்கோ, கையில என்ன இருக்குதெண்டு பாருங்கோ" என்பார். வேலாயுதத்தைப் பார்த்து முருகனை அறிகிற எங்களுக்கு அது விளங்கியது. ஆனால் மயிலைக் கண்டதும் முருகனைத் தேடினோம். அது அங்கே யூனோ என்ற தேவராணிக்கு உரியது.

ஒரு படத்தில், ஒரு பெண் ஏழைக்கு இடக்கையால் காசு கொடுத்தாள். வீட்டிலிருந்து நன்றாக ஆராய்ந்து, இவள் ஆணவத்தின் உருவம் என்று எழுதிவந்ததை வகுப்பில் மெல்லிய குரலில் வாசித்தேன்.

"ஏன் அண்ணை ஆணவம்?" என்று ரீச்சர் கேட்டார்.

"இடக்கையாலயெல்லே குடுக்கிறாள்."

ரீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவள் கொடை, அண்ணை. ஓவியத்தில வலக்கையாலதான் குடுத்தவள். அதைத் தகட்டில அப்பிடியே செதுக்கினா, அச்சில இடம் வலமா மாறி விழும். பாவம், அவளுக்கு எங்கட ஊர் முறை தெரியுமே?"

அதன்பின் என்னையே படங்களை விளக்கச் சொல்வார். எனக்கு ஏலாது என்பேன். "நீங்கள் பிழை விட்டாலும் ஒழுங்கா ஆராய்ஞ்சுதானே விடுறியள். அது காணும்."

இந்த ஆண்டு பக்கவாதத்தில் அவருடைய வலக்கை செயலிழந்தது. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, தலைமாட்டில் இருந்த, வகுப்பில் படம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடக்கையால் எடுத்து நீட்டினார். "வகுப்பை நீங்கள் நடத்துங்கோ." நான் எழுந்து இரு கைகளாலும் வாங்கினேன். என் தயக்கத்தைக் கண்டிருக்க வேண்டும். வாய் ஒருபக்கம் கோணியபடியே சிரித்தார்.

"இடக்கையெண்டு யோசிக்காதேங்கோ, அண்ணை. அச்சில வலக்கையாத்தான் விழும்."

மகளுக்கு நேற்றுப் பதில் சொல்லிவிட்டேன். மண்டபத்தை விட்டுவிட வேண்டாம். இந்தச் சனிக்கிழமை கொடைமகளின் படத்தோடு தொடங்குகிறேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். பின்வரிசைக்கும் கேட்கும்படி பேசுவேன். அந்தக் கண்ணாடி என் வலக்கையில் இருக்கும்.

ரீச்சர், வகுப்பு நடக்கும். நீங்கள் அமைதியாகப் போய் வாருங்கள்.