வச்ச பேரை எடுக்கணும், வக்கீலம்மா

ஜாதகம் பார்த்துப் பேர் வைக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. வைத்த பேரை எடுக்கச் சொல்லி ஜனங்கள் வருவது என்னிடம்தான். சங்கரன்கோவிலில் டிரேட்மார்க் வழக்குப் பார்க்கிற வக்கீல் நான். ஒருத்தர் தன் சரக்குக்கு அரசாங்கத்தில் பதிந்து வைத்த பேரையோ படத்தையோ, "பதிவேட்டிலிருந்து நீக்குங்கள்" என்று இன்னொருத்தர் மனுப் போடலாம். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது என் பிழைப்பு. சொந்தக்காரர் சண்டையில் சமாதானம் பேசப் போய் இரு தரப்பிலும் ஏச்சு வாங்கியிருப்பீர்களே, நீங்கள் என் இனம்!

மாத்துச் சாரம்

தறிக்காரர் முத்தையா அண்ணாச்சி 'மூணு பம்பரம்' கைலி, எங்கள் ஊர்ப் பேச்சில் சாரம், நெய்கிறவர். அந்தப் பேரில் அஞ்சு வருஷமாக வியாபாரமே நடக்கவில்லை, ஆகவே நீக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர் ஒருவர் மனுப் போட்டுவிட்டார். அண்ணாச்சி நோட்டீஸை என் மேஜையில் வைத்தார். முப்பது பேர் அந்தத் தறிகளை நம்பிச் சாப்பிடுகிறார்கள். "பேரு போட்ட பில் எது இருந்தாலும் கொண்டுவாங்க" என்றேன்.

மறுநாள் பை நிறைய பில்லோடு வந்தார். கூடவே அவர் மச்சினர். பில்லே போதுமானதாக இருந்தது, பின்னால் ஜெயித்தும்விட்டோம். அன்றைக்கு, "இவர் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். மச்சினர் கட்டியிருந்த கைலியின் ஓரத்தில் இருந்த பம்பர முத்திரையை அண்ணாச்சி தொட்டுக் காட்டினார்.

"இதும் சாட்சிதான வக்கீலம்மா? கோர்ட்டுல கேட்டா அங்கனயே அவுத்துக் குடுத்துருவாரு. மாத்துச் சாரம் பையில இருக்கு."

இடது கொம்பு

திருவேங்கடத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் காலி தீவனச் சாக்கை என் மேஜையில் விரித்தார். சாக்கில் ஒரு காளை. "இந்தப் படத்தை எடுக்கணும். இது எம் மாடு" என்றார். மூட்டை இறக்க வந்த தீவனக் கம்பெனி முதலாளி மாட்டைச் செல்போனில் படம் பிடித்துப்போய், அதைப் பார்த்து வரைந்து, பதிவும் செய்துவிட்டாராம்.

யார் வியாபாரத்துக்குப் பாதிப்போ அவர்தான் மனுப் போட முடியும், உங்களுக்குத் தீவன வியாபாரம் இல்லையே என்றேன். முகம் வாடிவிட்டது. எழுந்து போகவும் மனசில்லாமல் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்காமல் முதலாளிக்குப் போன் போட்டேன். "கேக்காம எடுத்தது தப்புதாம்மா. அண்ணாச்சிக்கு என்ன செய்யணும்?" என்றார் அவர், பயந்த குரலில். விவசாயி போனை வாங்கிக்கொண்டார்.

"மாடு இருந்துட்டுப் போட்டும் வே. அதுக்கு இடது கொம்பு உள்ள வளையும். நீரு நேரா வரைஞ்சி வச்சிருக்கீரு. எம் மாடுன்னு சொன்னா ஊருல ஒருத்தன் நம்ப மாட்டேங்கான்!"

பேச்சி

கரிவலம்வந்தநல்லூர் மாரியம்மாள் கணவர் இறந்தபின் இட்லிப்பொடி இடித்து விற்றுப் பிழைத்தவர். பாக்கெட்டில் மகள் பேர்: 'பேச்சி'. பதிந்து தருகிறேன் என்று காகிதங்களை வாங்கிப்போன கொழுந்தன், தன் பேரிலேயே பதிந்துகொண்டார். பிறகு, "என் பேரில் விற்காதே" என்று அண்ணிக்கே நோட்டீஸ். கடைகள் பொடி வாங்குவதை நிறுத்தின. என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அவர் அழவில்லை. நோட்டீஸை மட்டும் மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டார்.

கவர் அச்சடித்த பழைய ரசீதுகள் அச்சகத்தில் கிடைத்தன. கொழுந்தன் பதிவதற்கு வெகுமுன்பே அந்தப் பேர் மாரியம்மாளுடையது என்பது நிரூபணமானது. உத்தரவு வந்த அன்று, "பேச்சிங்கிற பேரைப் பதிவேட்டுலேர்ந்து நீக்கியாச்சு!" என்று குதித்தேன். மாரியம்மாள் முகம் வெளுத்துப்போனது.

"அப்பம் எம் புள்ளைய இனி என்ன பேரு சொல்லிக் கூப்பிடட்டும்மா?"

கொழுந்தன் பதிவுதான் போனது, இனி உங்கள் பேரிலேயே பதியலாம் என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: ஒரு பேரை ஏட்டில் ஏற்றத் தனியாக வருகிறவர்கள், இறக்குகிற சண்டையென்றால் மட்டும் மச்சினர், மாடு, மகள் என்று குடும்பத்தையே இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.