வண்டி நின்றுபோன கணவாய்

வேதநாயகம் உபாத்தியாயருக்கு மாடுகள்மேல் பகை எதுவும் கிடையாது. மாடுகளுக்குத்தான் அவருடைய சைக்கிளைப் பிடிக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் நெல்வண்டி, வைக்கோல் வண்டி, கல்யாண வண்டி என்று எது எதிரே வந்தாலும், சைக்கிளைக் கண்டதும் மாடு மிரளும். வண்டி வயலில் இறங்கும். வண்டிக்காரன் உபாத்தியாயரின் வம்சத்தையே இழுப்பான். அவர் கோட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்.

அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். சைக்கிள், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விட்டுச்சென்ற சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. பழைய மாதிரி. சக்கரம் சுற்றும்வரை மிதிகட்டையும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலுக்கு ஓய்வு கிடையாது. முன்சக்கரத்தை ஒரு ரப்பர்த் துண்டால் அழுத்திப் பிடிக்கும் ஒரே பிரேக்கை நம்பித்தான் இறக்கத்தில் இறங்கவேண்டும்.

வண்டியே வராத சாலை என்று ஒன்று உண்டா என்பது அவருக்கு நெடுநாளாக இருந்த கேள்வி. அதற்கு விடை தேடித்தான் ஒருமுறை பாபநாசத்துக்கு மேலே, காட்டு இலாகாவின் குதிரைப் பாதையில் ஏறினார். குதிரைக்கு வெட்டிய படியில் சைக்கிள் இறங்காது என்பது திரும்பி வரும்போது தெரிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. பல வாரங்கள் இடது கையால் கரும்பலகையில் ஆசியாக் கண்டத்தை வரைந்தார். அது பூசணிக்காயைப் போல இருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அவர் மனைவி சாலோமி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தோளில் போட்டிருந்த கட்டு அவிழ்ந்த அன்று ஒரு நிபந்தனை போட்டாள்.

"இனிமே ஒங்க மேல ரத்தம் பாத்தேன்னா, சைக்கிளு மேலப்பாளையம் ஷேக் மைதீன் அண்ணாச்சிக்கு. அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"எவ்வளவு ரத்தம்?"

"ரத்தம்னா ரத்தம்."

அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு அவருக்குச் சைக்கிள்மேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது. இதை நியாயமான குணம் என்று சொல்வதற்கில்லை.

செங்கோட்டையைத் தாண்டி மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பருத்தியும் கருவாடும் மிளகும் இப்போது ரயிலில் போயின. கணவாய் வழியாகப் போன பழைய வண்டிப்பாதையில் ஈ காக்கை இல்லை என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. தை மாதத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது அவர் புறப்பட்டார். அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசி போய்ச் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் புளியரைக்கு அப்பால் மலையடிவாரத்தை அடைந்தார்.

அங்கே சாலையோரத்தில் ஒரு கருப்பசாமி கல் இருந்தது. அதன்முன் ஆள் உயரத்துக்கு மரக்கட்டைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தொடை கனம். ஒரு நுனியில் கயிறு அறுத்த வடு, மறு நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. குவியலின்மேல் ஒருவன் உட்கார்ந்து ஆடு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் பூதத்தான். ரயில் வருவதற்கு முன் கணவாயில் வண்டி ஓட்டியவன்.

"ஐயா எங்க போறீங்க?"

"மேலே. கணவாய் வரைக்கும் போயிட்டு இறங்கிருவேன்."

"அப்பம் ஒரு கட்டை எடுத்துக்கோங்க. மேல போற வண்டி ஒண்ணு எடுத்துக்கிடணும். இறங்கையில பின்னால கட்டி இழுக்கணும், இல்லன்னா வண்டி மாட்டைத் தள்ளிரும். இறங்கினதும் இங்கன போட்டுரணும். அதான் பழக்கம்."

உபாத்தியாயர் கட்டைகளைப் பார்த்தார். கல்லின்மேல் இருந்த சந்தனம் அருகில் கிடந்த கட்டைகளிலும் படிந்திருந்தது. அவர் தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பம் கிறிஸ்து வேதத்துக்கு வந்துவிட்டது.

"சாமிக்கு வச்சதை நான் தொடமாட்டேன்."

"சாமிக்கு வச்சதுன்னு யாரு சொன்னா? சாமி காவலுக்குல்லா இருக்காரு. கட்டை வண்டிக்காரனுக்கு."

"எனக்கு மாடும் இல்லை, வண்டியும் இல்லை. வேண்டாம்பா."

பூதத்தான் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தான். "மாடு இல்லாட்டா என்ன, சக்கரம் இருக்குல்லா?" என்றான். அவர் அதற்குள் மிதிக்கத் தொடங்கியிருந்தார்.

கொஞ்ச தூரம்தான் மிதிக்க முடிந்தது. பிறகு இறங்கித் தள்ளினார். பாதையில் உண்மையிலேயே யாரும் இல்லை. சக்கரத் தடங்களுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. மரத்தின்மேல் கருங்குரங்குகள் அவரைக் கண்டு ஓடவில்லை, உட்கார்ந்து பார்த்தன. மலைக்குள்ளிருந்து ரயில் ஊதுவது மட்டும் கேட்டது. தாம் இத்தனை நாள் ஆசைப்பட்டது இந்த அமைதிதானா என்று யோசித்தார். ஆமென்று சொல்ல மனம் வரவில்லை. ஆட்கள் போகாத சாலை, இடிந்த கரையையும் பெயர்ந்த கல்லையும் யாரிடமும் முறையிட முடியாமல் கிடந்தது.

பாதை பாறைமேல் ஏறிய இடத்தில் ஒன்றைக் கண்டு நின்றார். இரும்புப் பட்டைகள் தேய்த்த இரண்டு பள்ளங்கள் பாறையில் ஓடின. அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பள்ளம், அகலமாக, வழவழப்பாக. வண்டிக்கு ஏது மூன்றாம் சக்கரம்? மாட்டுக் குளம்பு இப்படி ஒழுங்காகத் தேய்க்காது. மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தார். விளங்கவில்லை. கணவாய் ஏறி முடிக்கும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. கிழக்கே வெயிலில் வயல்கள், மேற்கே மேகம். கொண்டுவந்த இட்லியைத் தின்றுவிட்டு, சைக்கிளில் ஏறி இறங்கத் தொடங்கினார். முதல் சரிவிலேயே பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அடுத்த கணம் ரப்பர் கழன்று எங்கோ பறந்தது. மிதிகட்டைகள் அவர் கால்களை உதறிவிட்டுத் தாமே சுழன்றன. பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்துப் புதருக்குள் சைக்கிளை விட்டார். புதர் தாங்கிக்கொண்டது. முதல் வேலையாகக் கையையும் காலையும் பார்த்துக்கொண்டார். ரத்தம் இல்லை.

தள்ளிக்கொண்டு நடந்தே இறங்கியிருக்கலாம். அதைத்தான் அவர் செய்யத் தொடங்கினார். ஒரு வளைவு திரும்பியதும் எதிரே பூதத்தான் வந்தான், தோளில் ஒரு கட்டையோடும் கயிற்றோடும்.

"ஆட்டை யாரு பாக்கா?" என்று கேட்டார் உபாத்தியாயர்.

"கருப்பன் பாக்காரு. சும்மாதானே இருக்காரு." கட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினான். "எத்தனை வருசம் கழிச்சு மேல ஒரு சக்கரம் போகுது. கட்டை இல்லாமப் போகலாமா? எனக்கு இருப்புக் கொள்ளல."

தொடமாட்டேன் என்று சொன்னதை அவன் நினைவுபடுத்தவில்லை. அவரும் நினைவுபடுத்தவில்லை. வண்டிக்குக் கட்டுவதைப் போலவே பூதத்தான் இருக்கைக்கு அடியில் கயிற்றைக் குட்டையாகக் கட்டினான். உபாத்தியாயர் ஏறினார். நேரான சரிவில் சைக்கிள் சொன்னபடி கேட்டது. வளைவு வந்ததும் கட்டை வெளிப்பக்கம் வீசி, சைக்கிளின் பின்பாகத்தை இழுத்துப் போட்டது. அவர் விழுந்தார். முழங்கால் தோல் உரிந்து, மெல்ல ரத்தம் கசிந்தது.

பூதத்தான் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டான். "வண்டி விழாது வே. ஒம்ம சாமானுக்கு ஒத்தைத் தடம்தானே."

உபாத்தியாயர் காலைப் பார்க்கவில்லை. கட்டை புரண்டு கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பாறையில் ஓடிய நடுப்பள்ளத்தில் கச்சிதமாகப் பதிந்து கிடந்தது. மூன்றாவது பள்ளத்தைத் தேய்த்தது எதுவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"பூதத்தான், கயித்தை நீளமாக் கட்டு. நானும் இந்தப் பள்ளத்திலயே போறேன். கட்டை விலகாது."

"விலகினா?"

"விழுவேன். இனி விழுந்தா என்ன, ரத்தம்தான் வந்தாச்சே."

அவனுக்கு அது விளங்கவில்லை, கட்டினான். இந்த முறை கட்டை பள்ளத்துக்குள் கிடந்தபடியே வளைந்து வந்தது. எத்தனையோ கட்டைகள் தேய்த்துவைத்த வழி அதைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் மாட்டுவண்டி வேகத்தில், மாட்டுவண்டியைப் போலவே முனகிக்கொண்டு இறங்கியது. பூதத்தான் பக்கத்தில் நடந்து வந்தான்.

"தண்டவாளத்துல ரயிலு போகுத மாதிரில்லா இருக்கு. பையப் போம், பையப் போம்."

அடிவாரத்தில் கட்டையை அவிழ்த்துக் குவியலில் போட்டார்கள்.

வீட்டில் வேட்டியை இறக்கிக் கட்டியிருந்தால் முழங்கால் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. சாலோமி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காலைப் பார்த்தாள்.

"சிராய்ப்புதான்" என்றார்.

"செவப்பா இருக்கே."

அவள் காயத்தைக் கழுவித் துணி கட்டினாள். மறுநாள் மேலப்பாளையத்துக்கு ஆள் அனுப்பினாள். ஷேக் மைதீன் வந்து சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனபோது உபாத்தியாயர் வாசல்வரை போய்ப் புது ரப்பர் போடச் சொல்லிவிட்டு வந்தார். அன்று வகுப்பில் அவர் மலைகளைப் பற்றி நடத்தவேண்டியிருந்தது. நதிகளை நடத்தினார்.

வெயில் காலம் முடிகிற சமயத்தில் ஷேக் மைதீன் திரும்ப வந்தார். அவர் ஜவுளி வியாபாரி. கணவாய்க்கு அப்பால் ரயில் நிற்காத ஊர்களுக்குத் மாதிரித் துணிகளைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று அவருக்கு ஒரு யோசனை.

"ரோட்டுல ஏதோ கட்டை கட்டணுமாமே அண்ணாச்சி? ஒங்க வீட்டம்மா சொன்னாக. சைக்கிளு நம்மகிட்ட இருக்கு, சூட்சுமம் ஒங்ககிட்டல்லா இருக்கு."

உபாத்தியாயர் உள்ளே திரும்பிப் பார்த்தார். சாலோமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நடந்துதானே போகப் போறீங்க?" என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நடந்து போனா நான் என்ன சொல்லப்போறேன்?"

இருவரும் செங்கோட்டைவரை ரயிலில் போனார்கள். ஷேக் மைதீனின் சைக்கிள் சாமான் பெட்டியில் வந்தது. அடிவாரத்தில் பூதத்தான் அதே குவியலின்மேல் இருந்தான். சைக்கிளை ஓட்டி வருகிறவர் வேறு ஆள் என்பதைக் கண்டு எழுந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் உபாத்தியாயர் கோட்டைக் கழற்றி ஷேக் மைதீனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து குவியலிலிருந்து ஒரு கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் நினைத்திருந்ததைவிட அது கனமாக இருந்தது.